சரியலாம், நெளியக் கூடாது

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் மரத்தளம் போட நினைக்கிற வீட்டில் முதல் சண்டை நிறத்தைப் பற்றியதாகத்தான் இருக்கும். ஓக்கா மேப்பிளா, தேன்நிறமா சாம்பலா, மினுங்க வேண்டுமா மங்கிக் கிடந்தால் போதுமா? கடையிலிருந்து கொண்டுவந்த மாதிரித் துண்டுகள் வாரக்கணக்கில் குசினி மேசையில் கிடக்கும். வருகிறவர் போகிறவர் எல்லோரும் ஒன்றைத் தூக்கி யன்னல் வெளிச்சத்தில் பிடித்து அபிப்பிராயம் சொல்வார்கள். பிறகு விலை. சதுர அடிக்கு எவ்வளவு என்ற ஒரே கேள்வியை நாலு பேரிடம் கேட்டு, குறைத்துச் சொன்னவரைப் பிடிப்பார்கள். வாங்கப்போகிற பலகை எதன்மேல் படுக்கப்போகிறது என்று கேட்ட வீட்டுக்காரரை நான் கண்டதில்லை.

கேட்க வேண்டியவர் தளம் போட வருகிறவர். அவருக்கும் அது வில்லங்கமான கேள்வி. கேட்டால் வேலை கூடும், வேலை கூடினால் விலை கூடும், விலை கூடினால் அடுத்த ஆள் வந்துவிடுவார். எனக்குப் பழக்கமான தளக்காரர் ஒருவர் கேட்கிற வகை. அறுபதைத் தாண்டியவர், எங்களுக்கெல்லாம் அண்ணை. ஊரில் அவருடைய தகப்பன் ஓடாவி. அவர் வேலை செய்கிற வீடுகளுக்கு நான் இடைக்கிடை போய்க் கதைத்துக்கொண்டு நிற்பதுண்டு. பலகை அடிக்கிற நாளில் போனால், "இண்டைக்கு வந்து என்னத்தைப் பாக்கப்போறாய் தம்பி" என்பார். காற்றழுத்தத்தில் ஆணி இறக்குகிற கருவி டக் டக்கென்று போய்க்கொண்டிருக்கும். ஒரு கிழமை பழகினால் யாரும் செய்யலாம். வேலை அதற்கு முன்பே முடிந்துவிட்டது என்பது அவர் கணக்கு.

கார்பெற்றைக் கிளப்பிய அறை கண்ணுக்கு இதமான காட்சியல்ல. பொடிந்துபோன நுரைப்பஞ்சு, சுவரோரம் முழுக்க முள்ளுப்பட்டி, பலகையெங்கும் ஆயிரக்கணக்கில் ஸ்ரேப்பிள்கள். ஒவ்வொன்றையும் குறட்டால் பிடித்து இழுக்க வேண்டும். பாதி முறியும், ஒரு கால் உள்ளே நிற்கும். முழங்காலில் நின்றபடி அதையும் தேடித் தட்டி இறக்க வேண்டும். தளம் போடுகிறவர்களுக்கு முழங்கால் தேய்மானம் மற்றவர்களைவிட அதிகம் என்பது மருத்துவ ஆய்வுகளில் உறுதியான விடயம். அண்ணை இரண்டு முழங்காலிலும் தடித்த பட்டி கட்டிக்கொண்டுதான் அறைக்குள் இறங்குவார். எழும்பும்போது சுவரைப் பிடித்து எழும்புவார்.

1950களில் எழுந்த ஸ்காபரோ பங்களோக்களில் கார்பெற்றுக்குக் கீழே அடித்தளமாகப் பெரும்பாலும் பைன், ஸ்புரூஸ் பலகைகள் தெரியும். அவை சுவருக்கு நேராக இருக்காது. 45 பாகையில் கோணலாக ஓடும். பார்க்கிறவருக்குக் கண்டபடி அடித்ததுபோலத் தோன்றும். உண்மையில் யோசித்துச் செய்த வேலை அது. கீழே 16 அங்குலத்துக்கு ஒன்றாக விட்டங்கள் ஒரு திசையில் ஓடுகின்றன. பலகையை அவற்றுக்குக் கோணலாக அடித்தால், மேலே வரப்போகிற ஓக் பலகையை நீளவாட்டிலும் போடலாம், அகலவாட்டிலும் போடலாம்; மேல்மூட்டும் கீழ்மூட்டும் ஒரே கோட்டில் விழாது. கூடவே வீடு பக்கவாட்டில் ஆட்டம் கொடுக்காமலும் அந்தக் கோணல் பிடித்துக்கொள்கிறது. ஒவ்வொரு பலகையின் நுனியையும் கோணத்தில் அறுக்க வேண்டியிருந்ததால் மரமும் கூலியும் வீண் என்று பின்னால் அந்த முறையைக் கைவிட்டார்கள்.

கைவிட வைத்தது பிளைவூட். 1905இல் ஒரிகன் மாநிலத்துப் போர்ட்லண்டில் நடந்த கண்காட்சியில், உள்ளூர்ப் பெட்டித் தொழிற்சாலை ஒன்று மெல்லிய டக்ளஸ் ஃபேர் படலங்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டி வைத்துக் காட்டியது. மரம் நாரின் குறுக்கேதான் விரியும், நீளவாட்டில் விரிவது மிகச் சொற்பம். அதனால் ஒரு படலம் விரிய எத்தனிக்கும்போது அடுத்த படலம் இழுத்துப் பிடிக்கும். யோசனை நல்லது, பசைதான் தண்ணீர் பட்டதும் கழன்றது. வோஷிங்ரன் மாநிலத்தில் ஜேம்ஸ் நெவின் என்ற இரசாயனவியலாளர் 1934இல் தண்ணீருக்கு அசையாத பசையைச் செய்துகொடுத்த பிறகே பிளைவூட் வீட்டுத்தளத்துக்கு வரத் துணிந்தது. இன்றைய புதுவீடுகளில் அதன் இடத்தை மரச்சீவல்களை அழுத்தி ஒட்டிய ஓ.எஸ்.பி. பிடித்துவிட்டது. மலிவு, பலம், எல்லாம் சரி. ஆனால் வீடு கட்டும்போது கூரை ஏறுமுன் தளம் ஏறிவிடுகிறது. ஒன்ராறியோ மழை அதன்மேல் நின்று ஊறுகிறது. தாளின் நடுப்பகுதி தாங்கிக்கொள்ளும். விளிம்பு மாத்திரம் தேநீரில் தோய்த்த விசுக்கோத்துப் போல ஊதிவிடும். காய்ந்தாலும் பழைய தடிப்புக்குத் திரும்பாது. எட்டடிக்கு ஒருமுறை, நாலடிக்கு ஒருமுறை, அறைமுழுக்க வரம்பு கட்டியதுபோல மூட்டுகள் எழும்பி நிற்கும். அவற்றை இயந்திரத்தால் தேய்த்துச் சமப்படுத்தாமல் மேலே பலகை அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். கோடைப் பகலில் பக்கவாட்டு வெளிச்சம் விழும்போது அந்த வரம்புகளை எண்ணலாம்.

அண்ணை வேலைசெய்வதைப் பார்த்து நான் முதலில் வியந்தது ரசமட்டத்தை அவர் பெட்டியிலேயே விட்டுவைத்திருந்தபோது. தளத்தைச் சரிபார்க்கப் பத்தடி நீளமான ஓர் அலுமினிய மட்டக்கோலைத்தான் எடுத்தார். வீடு ஒரு பக்கம் சரிந்திருந்தால் என்ன செய்வது என்று கேட்டேன்.

"சரியலாம். சரிவை ஆர் பாக்கிறது? நெளியக் கூடாது."

எழுபது வருட வீடு நடுச்சுவரை நோக்கியோ வெளிச்சுவரை நோக்கியோ கொஞ்சம் இறங்கியிருப்பது இயல்பு. ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் அரை அங்குலம் வித்தியாசம் இருக்கலாம். உருட்டிவிட்ட கோலிக்குண்டு தவிர யாரும் முறையிடப்போவதில்லை. ஓக் பலகைக்கும் கவலையில்லை, அது சரிவிலும் நேராகவே படுக்கும். ஆனால் அறையின் நடுவே கையகலப் பள்ளம் இருந்தால் பலகை அதற்குமேல் பாலம் கட்டிக்கொண்டு நிற்கும். கால் வைக்கும்போது அமுங்கும், எடுக்கும்போது எழும்பும். ஆணி கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும். பலகையின் பக்கத்தில் உள்ள நாக்கு, அடுத்த பலகையின் தவாளிப்புக்குள் அசைந்து அசைந்து ஒருநாள் முறியும். அமெரிக்க மரத்தளச் சங்கத்தின் விதி, ஆணியடிக்கிற தளத்துக்குப் பத்தடிக்குள் கால் அங்குலம், ஆறடிக்குள் 3/16 அங்குலத்துக்கு மேல் ஏற்ற இறக்கம் இருக்கக் கூடாது என்கிறது. ஓடாவிக் கணக்கில் இரண்டு நூல், ஒன்றரை நூல்.

ஒன்றரை நூலைக் கண்ணால் பிடிக்க முடியாது. அவர் பிடிக்கிற விதம் இது: யன்னல் திரைகளை இழுத்துவிடுவார். மட்டக்கோலைத் தளத்தில் நிமிர்த்தி வைத்து, அதன் பின்னால் ரோர்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்க வைப்பார். முன்பக்கம் வந்து கன்னம் தரையில் படக் குப்புறப் படுத்துப் பார்ப்பார். மட்டக்கோலுக்குக் கீழே வெளிச்சம் கசிகிற இடம் பள்ளம்; வெளிச்சம் அறவே இல்லாமல் கோல் ஊசலாடுகிற இடம் மேடு. பென்சிலால் பள்ளத்துக்கு வட்டமும் மேட்டுக்குப் பெருக்கல்குறியும் போட்டு, கோலை ஓரடி நகர்த்தி மறுபடி படுப்பார். அறை முடியும்போது தளம் முழுக்க நிலப்படம் மாதிரி ஆகியிருக்கும். மேடுகளில் பெரும்பாலானவை விட்டத்தின் முதுகு. எந்த மரவிட்டத்திலும் ஒரு வளைவு இருக்கும். தச்சர்கள் அதன் கூன் மேலே பார்க்கத்தான் வைப்பார்கள், பாரம் ஏற ஏற அது நேராகும் என்ற நம்பிக்கையில். சிலது நேராவதில்லை. மேட்டைச் சீவுகிறார். பள்ளத்துக்குக் கூரைக்குப் போடுகிற தார்த்தகடுகளைத் துண்டாக வெட்டி, சின்னதின்மேல் பெரிதாக அடுக்குகிறார். சீமெந்துக் கலவை ஊற்றினால் வேகமாக முடியுமே என்றால், அதற்குள் ஆணி இறங்கும்போது நொறுங்கிப் பொடியாகிவிடும் என்கிறார். தார்த்தகடு ஆணியை வாங்கிக்கொள்ளும், சத்தமும் போடாது.

சத்தம் பெரிய விடயம். நடக்கும்போது கிறீச்சிடுகிற தளத்துக்கு மேல்பலகையைத்தான் எல்லோரும் பழி சொல்வார்கள். பெரும்பாலும் குற்றவாளி கீழே இருக்கும். அடித்தளத்துக்கும் விட்டத்துக்கும் நடுவே மயிரிழை இடைவெளி. காய்ந்து சுருங்கிய மரத்துக்குள் ஆணி மேலும் கீழும் வழுக்குகிறது. அந்த உராய்வுதான் ஒலி. கியோத்தோவின் நிஜோ கோட்டையில் நடக்கும்போது பறவை போலக் கீச்சிடும் தாழ்வாரம் ஒன்று உண்டு. ஒற்றன் நுழைந்தால் காட்டிக்கொடுக்க வேண்டுமென்றே அப்படி அமைத்தார்கள் என்பது பயணிகளுக்குச் சொல்கிற கதை. காலப்போக்கில் ஆணி தளர்ந்ததால் வந்த சத்தம் என்ற விளக்கமும் இருக்கிறது. எனக்கு இரண்டாவதுதான் நம்பும்படி இருக்கிறது. ஒற்றர்களுக்குப் பயந்து வாழாத ஸ்காபரோ வீடுகளும் அதே ராகத்தைத்தான் பாடுகின்றன. மருந்து எளிது: வெறும் பலகையில் செருப்பில்லாமல் அடிமேல் அடிவைத்து நடந்து, கிறீச்சிடுகிற இடத்தில் விட்டத்தைத் தேடிப் பிடித்து ஸ்குறூ இறக்குவது. சுவர்த்தகட்டுக்குப் போடுகிற கறுப்பு ஸ்குறூவை அவர் தொடமாட்டார். விலை குறைவு, ஆனால் பக்கவாட்டு இழுப்பில் கழுத்து முறிந்துவிடும்.

இதுவரை சொன்னவையெல்லாம் கண்ணும் காதும் பிடிக்கக்கூடியவை. அடித்தள வேலையின் கடினமான பகுதி தண்ணீர். நான் ஓட்டைக் குழாயைச் சொல்லவில்லை, காற்றில் இருக்கிற தண்ணீரை.

வெட்டி, அறுத்து, சூளையில் காயவைத்து, மூன்று முறை வார்னிஷ் பூசினாலும் மரம் குடிப்பதை நிறுத்துவதில்லை. அறையின் வெப்பம் 21 பாகை செல்சியஸ், காற்றின் ஈரப்பதம் 50 சதவீதம் என்றால் மரம் தன் காய்ந்த எடையில் சுமார் ஒன்பது சதவீதம் தண்ணீரை வைத்துக்கொண்டு அமைதியாக இருக்கும். ரொறன்ரோ தைமாதத்தில் வெப்பமூட்டி இரவு பகலாக ஓடும், வீட்டுக்குள் ஈரப்பதம் 30க்குக் கீழே போகும், உதடு வெடிக்கும், மரம் ஆறு சதவீதத்துக்கு இறங்கும். ஆடியில் யன்னல் திறந்த வீட்டில் அதே மரம் பன்னிரண்டு, பதின்மூன்றுக்கு ஏறும். சிவப்பு ஓக் பலகை ஒன்று, அகலம் இரண்டேகால் அங்குலம், நாலு புள்ளி ஏறினால் முக்கால் மில்லிமீற்றருக்குச் சற்று மேல் விரியும். அது ஒன்றுமில்லை. பன்னிரண்டடி அகல அறையில் அப்படி அறுபதுக்கு மேற்பட்ட பலகைகள் தோளோடு தோள் நிற்கின்றன. தாளில் கூட்டிப்பார்த்தால் இரண்டு அங்குலத்துக்கு மேல் வருகிறது. ஆணிகளும் பலகைகளின் நெருக்கமும் அதில் பெரும்பங்கை விழுங்கிவிடுகின்றன; மிச்சத்துக்குத்தான் சுவரோரம் முக்கால் அங்குலம் வெளிவிட்டு, அதைச் சட்டத்தால் மறைக்கிறார்கள். வெளிவிடாத அறையில் தளம் நடுவில் கிளம்பிக் கூடாரம் அடிக்கும்.

பலகையும் அடித்தளமும் ஒரே அளவு நனைந்து ஒரே அளவு காய்ந்தால் பிரச்சினை இல்லை. வித்தியாசம்தான் கெடுக்கிறது. அதைப் பார்க்க அண்ணை இரண்டு ஊசி வைத்த சின்ன மீற்றர் ஒன்றைச் சட்டைப்பையில் வைத்திருக்கிறார். ஊசிகளை மரத்தில் குத்தினால் இடையே ஓடுகிற மின்சாரத்துக்கு மரம் எவ்வளவு தடைகொடுக்கிறது என்று அளந்து ஈரத்தைச் சொல்லும். ஆயிரம் சதுர அடிக்குக் குறைந்தது இருபது இடத்தில் குத்த வேண்டும். பிறகு பலகைக் கட்டுகளைப் பிரித்து அவற்றையும் குத்த வேண்டும். மூன்று அங்குலத்துக்குக் குறைந்த அகலமான பலகை என்றால் இரண்டுக்கும் நாலு புள்ளி வித்தியாசம் வரை பொறுக்கலாம். அதற்கு மேற்பட்ட அகலம் என்றால் இரண்டு புள்ளிதான். இப்போதைய நாகரிகம் ஐந்து அங்குலம், ஏழு அங்குலம். அகலம் கூடக் கூடப் பொறுமையும் கூட வேண்டும், நடப்பது எதிர்மாறாக இருக்கிறது: அகலப் பலகை வேகமாக அறையை மூடுகிறது என்பதாலேயே அவசரக்காரர்களுக்கு அது பிடித்திருக்கிறது.

அடித்தளம் ஈரமாக இருக்கும்போது மூடிவிட்டால் பலகையின் வயிறு நனையும், முதுகு காயும். வயிறு விரியும், முதுகு விரியாது. ஒவ்வொரு பலகையும் இரண்டு ஓரமும் உயர்ந்து நடு குழிந்து நிற்கும். வீட்டுக்காரர் மேலே தண்ணீர் ஊற்றிய பிள்ளையைத் தேடுவார். ஆத்திரத்தில் யாரையாவது பிடித்து உயர்ந்த ஓரங்களைத் தேய்த்து மட்டமாக்கிவிடுவார். பிறகு மாரி வந்து வயிறு காயும். பலகை தன் பழைய வடிவத்துக்குத் திரும்பும். தேய்த்த ஓரம் தாழ்ந்து, நடு முதுகு தூக்கி நிற்கும். முதல் கோளாறு தானாக மாறியிருக்கக் கூடியது. இரண்டாவது மாறாது.

பேஸ்மென்ற் இன்னும் பொல்லாத இடம். அங்கே கீழே இருப்பது கொங்கிறீற், அதற்குக் கீழே மண். கொங்கிறீற்றுக்கு 28 நாள் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த 28 பலத்தை அளக்க வைத்த கணக்கு, உலர்வதற்கு வைத்ததல்ல. காய்வதற்கு ஓர் அங்குலத் தடிப்புக்கு ஒரு மாதம் என்பது தொழில்காரர் வாய்ப்பாடு, அதுவும் வானிலை மனம்வைத்தால். தவிர, கொங்கிறீற் வெளுத்து உலர்ந்ததுபோல மேலே முகம் காட்டும், உள்ளே ஈரம் வைத்திருக்கும். மேலே ஒரு மூடி போட்ட நாளிலிருந்து உள்ளீரம் சமமாகப் பரவி மேலே ஏறும். அதனால்தான் சரியான சோதனையில், ஒரு பக்கம் மட்டும் காய்கிற தளமென்றால், தடிப்பில் 40 சதவீத ஆழத்துக்குத் துளையிட்டு, அதற்குள் உணரியை இறக்கி, ஒரு நாள் மூடிவைத்துப் பார்க்கிறார்கள். மூடிய பிறகு தளத்தின் முகம் எந்த நிலைக்கு வரப்போகிறதோ அதை இன்றைக்கே அந்த ஆழம் சொல்லிவிடுகிறது.

யாழ்ப்பாணத்தில் வீடு கட்டும்போது அத்திவாரத்துக்குள் மண் நிரப்பி, தண்ணீரை விட்டு, திமிசு போட்டு இறுக்கிய பிறகுதான் நிலத்துக்குச் சீமெந்து போடுவார்கள். அங்கே அடித்தளத்தைத் தயார்செய்வதே தண்ணீர்தான். தாராளமாக விடாத மேசனைக் கிழவர்கள் பேசுவார்கள். அந்த ஊர்க்காரர் ஒருவர் இங்கே மீற்றரும் கையுமாகத் தண்ணீரின் தடத்தைத் தேடித் திரிகிறார். மர வீட்டு நாட்டுக்கு வந்துவிட்டால் தகப்பனிடம் கற்றதில் சிலதைத் தலைகீழாகப் பிடிக்க வேண்டியிருக்கிறது. எதையும் மூடுமுன் அது தன் நிலைக்கு வரட்டும் என்று காத்திருப்பது மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்று.

சில வீடுகளில் செய்யவேண்டிய ஆயத்தம், கைவைக்காமல் விடுவது. பழைய குசினிகளில் லினோலியத்தைக் கிளப்பினால் ஒன்பது அங்குலச் சதுர ஓடுகள் வரும், அதற்கடியில் கறுப்புப் பசை. இரண்டிலும் அஸ்பெஸ்ரஸ் இருக்கக்கூடும். சோதனைச்சாலைக்கு ஒரு துண்டு அனுப்பி முடிவு வரும்வரை சுரண்டக் கூடாது, தேய்க்கவே கூடாது. இருக்கிறபடி இருக்கும்வரை அது பெரிதாக ஒன்றும் செய்யாது, தூளானால்தான் நுரையீரலுக்குப் போகும். கியூபெக்கில் அஸ்பெஸ்ரஸ் என்ற பெயரிலேயே ஒரு நகரம் இருந்தது. பெரிய சுரங்கம் அதன் நடுவில். கனடா அந்தப் பொருளை 2018இல் தடைசெய்தது, நகரம் 2020இல் பெயரை மாற்றிக்கொண்டது. ஊரில் கூரையாகத் தலைக்கு மேல் இருந்தது, இங்கே காலடியில். சோதனை முடிவுக்குக் காத்திருக்கச் சொன்னதாலேயே ஒரு வீட்டில் அண்ணையை நிற்பாட்டிவிட்டு வேறு ஆட்களைக் கொண்டு ஒரே நாளில் தேய்த்து முடித்தார்கள் என்று அறிந்தேன். அந்த வீட்டில் கைக்குழந்தை இருந்தது.

இதைப் பேராசை என்றோ ஏமாற்று என்றோ எழுதிவிட்டுப் போக எனக்கு விருப்பமில்லை. சதுர அடிக்கு எவ்வளவு என்று நாம் கேட்கும்போதே பதிலில் எது இருக்கும், எது இருக்காது என்பதைத் தீர்மானித்துவிடுகிறோம். மரத்துக்குச் சதுர அடி உண்டு. கன்னத்தைத் தரையில் வைத்து வெளிச்சம் பார்த்த பின்னேரத்துக்குச் சதுர அடி இல்லை. மீற்றர் பதினான்கு காட்டியதால் வேலையைத் தள்ளிவைத்து, ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தை ஓடவிட்டுப் போன கிழமைக்கு அறவே இல்லை. நாலு விலைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி ஒப்பிடுகிறபோது, அந்தக் கிழமையைச் சேர்க்காதவர் கெட்டிக்காரராகத் தெரிவார். நல்ல தொழில்காரன் மறைவிலும் ஒழுங்காகச் செய்வான் என்று கைவினைஞர்களைப் புகழ்ந்து கட்டுரை எழுதுவது சுலபம். அந்த ஒழுங்குக்குரிய கூலியை அவன் முழங்காலிலிருந்து எடுத்துக்கொள்கிறோம் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

அண்ணை இப்போது விலைத்தாளில் அடித்தள வேலையைத் தனி வரியாகப் போடுகிறார். ஸ்ரேப்பிள் பிடுங்குவது, ஸ்குறூ இறக்குவது, மேடு பள்ளம், ஈரம் பார்ப்பது எல்லாம் அதற்குள். அனுப்பி ஒரு மணித்தியாலத்துக்குள் தொலைபேசி வரும். அப்படி ஒரு அழைப்பின்போது நான் பக்கத்தில் இருந்தேன்.

"அண்ணை, அந்த ஒரு வரியை எடுத்துப்போட்டு எவ்வளவு எண்டு சொல்லுங்கோ."

"அதை எடுத்தால் நான் வரமாட்டன் தம்பி."

அந்தப் பக்கம் கொஞ்சம் யோசனை, கொஞ்சம் முறைப்பாடு, மற்றவர்கள் யாரும் இப்படிக் கேட்கவில்லையே என்ற நியாயம். அண்ணை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி, ஒண்டு செய்யுங்கோ. கார்பெற்றைக் கிளப்பி ஸ்ரேப்பிளை நீங்களே பிடுங்கித் தாங்கோ. அதுக்குள்ள காசைக் குறைக்கிறன். ஒண்டுகூட நிக்கக் கூடாது" என்றார். மறுமுனைக்கு மகிழ்ச்சி. வைத்துவிட்டு என்னிடம், சனிக்கிழமை பின்னேரம் இவர் திரும்ப எடுப்பார் பார் என்றார். எடுத்தது சனிக்கிழமை மத்தியானம். வரவேற்பறையில் கால்வாசிதான் முடிந்திருக்கிறது, மனைவியும் மகனும் எழும்பிப் போய்விட்டார்கள், தனக்கு இடுப்பை நிமிர்த்த முடியவில்லை. அந்தக் காசைத் தாறன், நீங்களே வாங்கோ என்றார். அண்ணை சிரிக்கவில்லை. எந்தக் குறடு பாவித்தீர்கள் என்று கேட்டார், பிறகு பேஸ்மென்ற்றில் ஈரம் உறிஞ்சும் இயந்திரம் இருக்கிறதா என்று கேட்டார்.